தாய் செத்தும் தலை அவிழ்க்காத பிள்ளை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய பாலசுந்தரம் மாஸ்ரர் அவர்களே, கேட்டவுடன் மறுபேச்சின்றித் தங்கள் மண்டபத்தின் திறப்பைக் கையில் தந்த மொறீசியஸ் தமிழ் அன்பர்களின் சார்பில் மேடையில் அமர்ந்திருக்கும் குமாரென் அவர்களே, அமரர் சிவபாக்கியம் அக்கா அவர்களின் உற்ற தோழி மர்லேன் அவர்களே, வேலை வீட்டில் விடுப்புக் கேட்டும் கேளாமலும் வந்து கூடியிருக்கும் தாய்மாரே, சகோதரிகளே, பெரியோரே, கடைசி வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று கூட்டம் தொடங்கியது முதல் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கும், நான் பெயர் அறியாத ஐயா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சுதாஜினி. சிவபாக்கியம் அக்காவும் நானும் ஒரே சிஞ்ஞோராவை, ஒரே இத்தாலியக் கிழவியைப் பராமரித்தவர்கள். பகலில் அவர், மாலையில் நான். பேசுவதற்கு என்னை யாரும் அழைக்கவில்லை; இது நானாகக் கேட்டு வாங்கிய நேரம். தரும்போது மாஸ்ரர் ஒரு நிபந்தனையும் சேர்த்தே தந்தார். "பிள்ளை, அவவின்ர நல்ல குணங்களைக் கதை. அந்தத் தலைமயிர்க் கதை மட்டும் இஞ்சை வேண்டாம்" என்றார். மாஸ்ரர் எனக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவர். அவர் சொல்லை மீறும் எண்ணம் எனக்கில்லை, முடிந்தவரை. ஆனால் சிவபாக்கியம் அக்காவின் வாழ்க்கையிலிருந்து தலைமயிரை எடுத்துவிட்டால் நான் எதைப் பேசுவது? அவர் சமைத்த கத்தரிக்காய்க் குழம்பையா?

எங்கள் தமிழ்ச் சங்க மண்டபம் இருக்க ஏன் இங்கே கூட்டம் என்று வாசலில் சிலர் கேட்டீர்கள். அங்கே திருத்த வேலையாம். போன கிழமைதான் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதே மண்டபத்தில் நாம் எல்லோரும் சாப்பிட்டோம். அப்போது நன்றாக இருந்த சுவர், அக்கா இறந்த செய்தி கேட்டதும் இடிந்துவிட்டது போலும். செத்த வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது. அதை விடுவோம்.

அன்பான உறவுகளே, இந்த பலெர்மோ நகரில் அக்காவின் கை பிடிக்காமல் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வாசலை மிதித்த வன்னிப் பெண் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இருந்தால் கையை உயர்த்துங்கள், பார்ப்போம். ஒருவரும் இல்லை. வந்து இறங்கிய ஒவ்வொரு பெண்ணுக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்க அவர் கூடப் போனார். வெயிலில் கூட நின்றார். தனக்கே பாதி விளங்காத இத்தாலிய மொழியில் அவளுக்காகக் கெஞ்சினார். உறவு என்ன என்று கேட்டால் "சித்தி" என்பார். ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிரித்துக்கொண்டு கேட்டார்: "சிஞ்ஞோரா, உங்களுக்கு எத்தனை பெறாமக்கள்?" அக்கா சிரிக்கவில்லை. "பெரிய சண்டை நடந்த நாடு ஐயா. அதுதான் குடும்பமும் பெரிசு" என்று தன்னுடைய இத்தாலிய மொழியில் சொன்னார். அந்த அதிகாரி பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவரை நாம் எப்படி அழைத்தோம்? முகத்துக்கு நேரே "பாக்கியம் அக்கா". முதுகுக்குப் பின்னால் "மொட்டைப் பாக்கியம்". ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டிய அந்தத் தலையைப் பற்றி நாம் கட்டாத கதை உண்டா? ஏதோ நோய் வருத்தம் என்றோம். நேர்த்தி என்றோம். புருசன் விட்டுப் போன கோபம் என்றோம். கபோ சந்தையில் மீன் வாங்கும்போதுகூட ஒருத்திக்கு ஒருத்தி முழங்கையால் இடித்துக் காட்டினோம். அவருக்குக் கேட்டது. கேட்டும் மீனுக்குத்தான் விலை பேசினார். இன்றைக்கு அந்தத் தலையின் கதையைக் கேளுங்கள். மாஸ்ரர் அவர்களே, மணியில் இருந்து கையை எடுங்கள். நான் இன்னும் தொடங்கவே இல்லை.

வன்னியில் அவர் பொம்பிளை வெளிக்கிடுத்துகிறவர். கல்யாணம் என்றால் மணப்பெண்ணைச் சோடிக்க பாக்கியம் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். சேலைக் கொசுவம், பொட்டு, பூச்சடை எல்லாம் அவர் கை பட்டால்தான் சரி. சவரி முடி வைத்து அவர் பின்னிய சடையில் எது சொந்தம், எது சவரி என்று மாமியார் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். மகிழ்ச்சியான தொழில். ஆனால் கடைசி வருடங்களில் அவரிடம் வந்த மணப்பெண்கள் எப்படிப்பட்டவர்கள்? பள்ளிக்கூடச் சீருடையை மாற்றிவிட்டுக் கூறை உடுத்தவர்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கேட்டது போய், வாகனத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போன காலமும் அதுதான். கழுத்தில் தாலி இருந்தால் விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. நேற்று வரை கெந்திப் பிடித்து விளையாடியவளுக்கு இன்றைக்கு மாப்பிள்ளை. அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "சோடிச்சு முடிய ஒரு பிள்ளை கேட்டாள், 'அக்கா, இனி நான் விளையாடப் போகலாமோ' எண்டு. என்னத்தைச் சொல்லுறது. பின்னேரம் போகலாம் எண்டன்."

தாலி ஏறாத பிள்ளைகளைக் கொண்டு போனார்கள். கொண்டு போனதும் செய்த முதல் வேலை, முடியை ஒட்ட வெட்டியதுதான். ஏன் வெட்டினார்கள்? துவக்குத் தூக்க வசதி என்று சொன்னார்கள். ஓடி வந்தால் அடையாளம் தெரியும் என்பதுதான் உண்மை. ஊரில் எந்தக் குமர்ப்பிள்ளை குட்டை முடியோடு நடப்பாள்? ஓடி வந்தவளை அவள் தலையே காட்டிக் கொடுத்துவிடும்.

மாஸ்ரர் தலை குனிந்திருக்கிறார். எனக்கும் இதைச் சொல்வது இனிப்பாக இல்லை ஐயா. தானாக விரும்பிப் போன பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களுக்குப் படம் இருக்கிறது, மாலை இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு விளக்கும் இருக்கிறது. நான் பேசுவது படம் இல்லாதவர்களைப் பற்றி.

சண்டையின் கடைசி மாதங்களில் எல்லோரும் கடற்கரை ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தோம். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஓடி வந்த பிள்ளைகள் பங்கருக்குள் ஒளிந்திருந்தார்கள். இந்தப் பக்கம் அவர்களைத் தேடியது இயக்கம். நீரேரிக்கு அந்தப் பக்கம் இராணுவத்தின் சோதனை. அங்கேயும் குட்டை முடி என்றால் போராளி என்று தனியே இழுத்து விடுவார்கள் என்று சனம் கதைத்தது. ஒரே தலை, இரண்டு பக்கமும் குற்றம். இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது அக்கா தன் பழைய தொழிலை மறுபடி தொடங்கினார். தறப்பாள் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பெண்களிடம் முடி கேட்டார். சோற்றுக்கு உப்பில்லாத நேரத்தில் முடி கேட்கிறாளே, பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று சிலர் நினைத்தார்கள். விசயம் விளங்கியதும் கத்தரிக்கோலை வாங்கித் தாங்களே வெட்டிக் கொடுத்தார்கள். கிழிந்த சேலைக் கரையில் அந்த முடியைத் தைத்து, குட்டை மயிரோடு சேர்த்துக் கறுப்பு நூலால் இறுக்கி, இரட்டைப் பின்னல் பின்னி, பள்ளிக்கூட ரிபன் கட்டி விடுவார். ஒரு போராளி பங்கருக்குள் இறங்குவாள், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏறி வருவாள். கட்டி முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே புத்திமதிதான்: "என்ன நடந்தாலும் தலையிலை கை வைக்காதை."

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த நூல் என் தலையிலும் கட்டப்பட்டது.

உறவுகளே, இது எனக்கு எளிதான பேச்சல்ல, கொஞ்சம் பொறுங்கள். அக்காவோடு நான் நீரேரியைக் கடந்தேன். என்னோடு இன்னொரு பிள்ளையும் வந்தாள், என் வயதுக்காரி. அவளுடைய தாயை அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வந்தோம். தாய்க்கு வயிற்றில் காயம். அந்தப் பக்கம் எங்களை வெட்டவெளியில் வரிசையாக இருத்தினார்கள். தண்ணீர் கேட்ட தாய், தண்ணீர் வருமுன் மகளின் மடியிலேயே போய்ச் சேர்ந்தார்.

மொறீசியஸ் உறவுகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டுத்தான் அழுவார்கள். தாய் செத்தால் மகள் தலையை முடிந்துகொண்டு இருப்பது நடக்காத காரியம். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கை தானாகவே போகும். அன்றைக்கு அந்த வரிசையில் முன்பின் தெரியாத பெண்கள்கூடத் தலையை அவிழ்த்துவிட்டு அழுதார்கள். அவரவர் வீட்டுச் சாவையும் சேர்த்துத்தான் அழுதார்கள். அந்தப் பிள்ளையின் கையும் தலைக்குப் போனது. ரிபனைத் தொட்டுவிட்டது. தொட்டபடியே அக்காவைப் பார்த்தாள். அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தார். பிள்ளை சொற்கேட்டவள். கையை இறக்கினாள். தாயின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, பின்னல் குலையாமல் இருந்தாள்.

அக்கா செய்தது சரிதானே? அவிழ்த்தால் கையோடு வந்துவிடும் பின்னல். அவிழ்க்காமல் இருந்தால் தப்பலாம். சீருடைக்காரருக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியப் போகிறது? அவர்கள் கண்ணுக்கு அவள் அழுகிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. அவர்கள் கடந்து போயும் விட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் நடந்து வந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அவள் எங்கள் பெண், அவர்களுக்கு ஆள் காட்டிக் கொடுக்க வந்தவள். நின்றாள். வரிசை முழுக்கத் தலைவிரி கோலம், நடுவில் செத்தவளின் மகள் மட்டும் பின்னலோடு. அவள் அதட்டவில்லை. கோயிலில் சாமியைக் காட்டுவதுபோல மெதுவாகச் சொன்னாள்: "தாய் செத்தும் தலை அவிழ்க்காத பிள்ளையைப் பாருங்கோ." பிறகு அதையே அவர்களுடைய மொழியில் சொன்னாள்.

ஒருத்தர் திரும்பி வந்து பின்னலைப் பிடித்து இழுத்தார். அது அவர் கையோடு போனது.

அடுத்து அந்தச் சால்வைக்காரியின் கண் என் பக்கம் திரும்பியது. அப்போது அக்கா தன் கொண்டையை அவிழ்த்தார். ஊர்ப் பெண்கள் எல்லோரிடமும் முடி வாங்கியவர், தன்னுடையதை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார். கேட்டால் "கடைசிப் பிள்ளைக்கு" என்பார். இடுப்புக்குக் கீழே வரும் கூந்தல். "ஐயோ என்ரை பிள்ளை" என்று அலறிக்கொண்டு என் மேல் விழுந்தார். என் தலை, முகம், தோள் எல்லாம் அந்தக் கூந்தலுக்குள் போய்விட்டன. சால்வைக்காரியின் கால்கள் என்னைக் கடந்து போனதை முடிக்குள் இருந்து பார்த்தேன். ஒரு கூந்தலால் ஒரு தலையைத்தான் மூட முடிந்தது.

அந்தப் பிள்ளையை ஒரு வாகனத்தில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் கத்தவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து, "அக்கா, அம்மாவை மூடி விடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அவளைக் கண்டவர் இல்லை. அக்கா தன் மேல்சேலையால் அந்தத் தாயை மூடினார். முகாமுக்குப் போன கையோடு தன் தலையை ஒட்ட வெட்டினார். சாகும்வரை அதை வளரவிடவில்லை. நீங்கள் இடித்துக் காட்டிச் சிரித்த தலை அதுதான்.

சில வருடங்கள் கழித்து நானும் இந்த ஊருக்கு வந்தேன். பிரான்காச்சோ போகும் பஸ்ஸில் அக்காவைக் கண்டேன். இரண்டு பேரும் ஒரே சீற்றில் இருந்தோம். "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அந்த நாளைப் பற்றிப் பல வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும் போராளிகளின் நினைவு நாள் மண்டபத்துக்கு அவர் ஒரு விளக்கோடு வருவார். உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். படம் எங்கே என்பார்கள், படம் இல்லை. எந்தப் படையணி என்பார்கள். "ஓடி வந்த பிள்ளை" என்பார். ஓடி வந்த பிள்ளைக்கு இங்கே விளக்கு வைக்க ஏலாது அக்கா என்பார்கள். மழையென்றாலும் வாசற்படியில் வைத்து ஏற்றிவிட்டுப் போவார். அந்தப் பிள்ளை போர்க்களத்தில் சாகாதபடியால் எங்கள் படங்களில் இல்லை. கைதூக்கிச் சரணடையாமல் பின்னலோடு பிடிபட்டவள் என்பதால் சரணடைந்தவர்கள் கணக்கிலும் இல்லை. காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியில் இருந்து அழுகிறார்களே, அங்கேயாவது இருக்கிறாளா? இவளுக்காக இருந்து அழத் தாயும் இல்லை.

இந்தக் கதையை அக்கா முதலில் யாரிடம் சொன்னார் தெரியுமா? நம்மில் ஒருவரிடமும் இல்லை. இதோ இருக்கிறார், தமிழ் தெரியாத மர்லேன். மர்லேனுக்குப் புற்றுநோய் வைத்தியம் நடந்து முடி எல்லாம் கொட்டிய நேரம், மகளின் கல்யாணம் வந்தது. உனக்குச் சடை பின்னத் தெரியுமாமே, எனக்கு ஒன்று செய்து தா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா முடியாது என்று எழும்பிப் போய்விட்டார். மறுநாள் ஊசி நூலோடு வந்தார். தைக்கத் தைக்க, அரைகுறை இத்தாலிய மொழியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மர்லேன் இன்று காலை என்னிடம் சொன்னார்: "அவள் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் தைத்து முடிந்த பிறகும் அவள் என் தலையில் இருந்து கையை எடுக்கவில்லை." தமிழ் விளங்கிய எங்களுக்குச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. அது யாருடைய வெட்கம், உறவுகளே?

மர்லேன்தான் அவரைச் சாட்சி சொல்லும்படி தூண்டினார். அந்தக் கடைசி நாட்களில் பிடிக்கப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்கும் சட்டத்தரணிகள் சிலர் வட ஐரோப்பிய நகரம் ஒன்றில் இருக்கிறார்கள். அக்கா ஓம் என்றார். வருகிற மாதம் பயணம். அதை அவர் ஒரு சிலரிடம்தான் சொன்னார். எல்லோரும் எங்கள் ஆட்கள்.

பத்து நாள் போயிருக்காது, வன்னியில் அக்காவின் தங்கை வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத் தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். பிறகு கைபேசியில் ஒரு படம் காட்டினார்கள். கபோ சந்தையில் அக்கா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறார். "அக்கா நல்லா இளைச்சுப் போனா என்ன" என்று ஒருத்தன் சொல்லியிருக்கிறான். அந்தப் படம் தூரத்தில் நின்று எடுத்ததல்ல. கை நீட்டினால் தொடுகிற இடத்தில் நின்று எடுத்தது. அன்று அக்காவைத் தொடுகிற தூரத்தில் நின்றவர் யார்? அவரோடு சுகம் விசாரித்துவிட்டு எடுத்தாரா, எடுத்துவிட்டு விசாரித்தாரா? ஐயா, பின்னால் நிற்கிறவரே, நான் உங்களைச் சொல்லவில்லை. உங்களுக்குக் கை உளையுமே என்றுதான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு தொலைபேசி. இலக்கம் இல்லாத அழைப்பு. ஒரு பெண் குரல், அன்பான குரல்: "அக்கா, இப்பவும் சடை பின்னுறியளோ?" அவ்வளவுதான், வைத்துவிடும். அந்தச் சால்வைக்காரியோ என்று நான் கேட்டேன். அக்கா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "சத்தியம் பண்ண மாட்டன் பிள்ளை. ஆனா எங்கடை ஊர்ப் பேச்சு" என்றார். அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் சன்னல் ஓரம் இருப்பதை விட்டுவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறியவர், கடைசித் தரிப்பு வரை எழும்பவில்லை. நித்திரை என்று சாரதி நினைத்தார். இருதயம் என்று வைத்தியர் எழுதினார். நான் வைத்தியரை நம்புகிறேன். அக்காவை யாரும் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அதைப் பதிவு செய்கிறவர்கள் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் அவர் பையைத் திறந்தபோது வீட்டுத் திறப்பு இருந்தது, பெர்மெஸ்ஸோ இருந்தது, சிஞ்ஞோரா கொடுத்த தோடம்பழம் இருந்தது. கைபேசி மட்டும் இல்லை. பொலிசில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பலெர்மோ பஸ்ஸில் கைபேசி காணாமல் போவது புதினமில்லை என்றார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி மாஸ்ரரின் நிபந்தனைக்கு வருகிறேன். நேற்று அவர் என் வீட்டுக்கு வந்து நிதானமாகவே பேசினார். "சீருடைக்காரர் கொண்டு போனதைச் சொல்லு, ஆர் வேண்டாம் எண்டது? மயிர் வெட்டினது எங்கடை உள்வீட்டுக் கதை. அதை ஏன் சந்திக்கு இழுக்கிறாய்? அந்தப் பிள்ளையின்ர பேரையும் சொல்லாதை. பேர் வந்தால் கேள்வி வரும்." மாஸ்ரர், நீங்கள் நல்லவர், இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேறு ஒருவரும் முன்வராதபோது வந்தவர். ஆனால் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். முடியை வெட்டியவர் யார் என்று சொல்லாமல், அவளை ஏன் பிடித்தார்கள் என்பதை நான் எப்படிச் சொல்வது? அவள் தலையில் எங்கள் கத்தரிக்கோலும் பட்டது, அவர்கள் கையும் பட்டது. பாதித் தலையை மறைத்துக்கொண்டு மீதித் தலைக்கு நீதி கேட்க முடியுமா? பெயரில்லாமல் சொன்னால் அது கதை. இரக்கப்பட்டுக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். பெயரோடு சொன்னால்தான் சாட்சியம். அவள் உயிரோடு, காயமில்லாமல், இன்ன கைகளுக்குள் போனாள் என்று சொல்ல உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். இன்றைக்கு ஒருவர்தான்.

சிவபாக்கியம் அக்கா அவர்களே, உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். உங்கள் பயணத்தை நான் போகிறேன். உங்களுக்கு என்று ஒதுக்கிய நாளில், உங்களுக்கு என்று போட்ட கதிரையில் நான் இருப்பேன். குவெஸ்தூராவுக்கு இனி வருகிற பிள்ளைகளுக்கும் நானே சித்தி. இதை உறுதிமொழியாக இந்தச் சபை முன் வைக்கிறேன். சங்கம் துணை வந்தால் நன்றி. வராவிட்டாலும் திருத்த வேலை நல்லபடி முடியட்டும்.

இன்னும் ஒன்றுதான். என் அம்மா வன்னியில் தனியாக இருக்கிறார். அக்காவின் சாவுச் செய்தி போய் இரண்டாம் நாள், அம்மாவின் வீட்டுக்கும் ஆட்கள் வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். பலெர்மோவில் என் மகளின் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். அதனால் இந்தக் கூட்டத்துக்கு வருமுன் அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வேண்டாம் என்று சொன்னால் நான் அக்காவின் நல்ல குணங்களைப் பேசிவிட்டு இறங்கியிருப்பேன். பெற்ற தாயை விடவா மற்றது எல்லாம்?

அம்மா முழுக்கக் கேட்டா. பிறகு கேட்டா, "அந்தத் தாய்மனுசியை ஆரும் மூடினவையோ?"

"ஓம் அம்மா. பாக்கியம் அக்கா மூடினவ."

"அப்ப பிள்ளையின்ர பேரையும் சொல்லிவிடு. உன்னை மூடாமல் விட்டிருந்தால் அண்டைக்கு நானும் உப்பிடித்தான் ஆரேன் உன்ரை பேரைச் சொல்லுவினமோ எண்டு பார்த்துக்கொண்டு இருந்திருப்பன்." பிறகு சொன்னா: "நீ மேடையிலை ஏற முன்னம் எனக்கு ஒருக்கா ரெலிபோன் அடிச்சுப்போட்டு வை. நான் நாயை அவிட்டு விட்டிட்டு உள்ளை போய் இருக்கிறன்."

மேடைப் படியில் கால் வைக்குமுன் அடித்துவிட்டு வைத்தேன். ஆகவே, தலைவர் அவர்களே, சபையோரே, படம் பிடிக்கிற ஐயா அவர்களே, பிழையில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிரோஜினி. கனகலிங்கத்தின் மகள் நிரோஜினி. உயிரோடு கொண்டு போனார்கள். நான் கண்டேன்.